ரம்போர்டு பிரபுவும் வீட்டுக் கணப்பும்

நம் நாட்டில் அடுப்பு என்றால் அது சமையலறைக்கு உரியது. குளிர் நாடுகளில் அப்படியன்று. அங்கே கூடத்தில் ஓர் அடுப்பு, படுக்கையறையில் ஓர் அடுப்பு, வசதி படைத்த வீடாயின் படிக்கும் அறையிலும் ஓர் அடுப்பு. சமைப்பதற்கன்று, குளிர்காய்வதற்கு. சுவரிலே பெரிய மாடம்போல் அமைத்து, மேலே புகைபோக்கி வைத்துக் கட்டிய இந்த அடுப்பைக் கணப்பு என்போம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டன் மாநகரில் குளிர்காலம் முழுவதும் கணப்புகளில் நிலக்கரி எரிந்துகொண்டே இருக்கும். அதன் வெப்பத்தில் பெரும் பகுதி அறைக்குள் வராமல் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வீண் செலவு செய்பவரைக் காசைக் கரியாக்குகிறார் என்று சொல்வோம். இலண்டன் மக்கள் அதற்கும் ஒரு படி மேலே போய், காசு கொடுத்து வாங்கிய கரியைப் புகையாக்கிக் கொண்டிருந்தார்கள்.

அந்த வெப்பம் எங்கே போகிறது, எந்த வழியாகப் போகிறது என்று அளந்து பார்த்தவர் பெஞ்சமின் தாம்சன் என்னும் ரம்போர்டு பிரபு. மேல் வகுப்பு மாணவியர் இயற்பியல் பாடத்தில் பீரங்கி துளைத்த சோதனையோடு அவர் பெயரைப் படித்திருப்பீர்கள். அதை மட்டும் அறிந்தவர்கள் அவரைப் பாதிதான் அறிந்தவர்கள் ஆவர். இல்லத்தரசிகளுக்கு அவர் செய்த உதவி அதனினும் பெரிது. ஆனால் அவரைக் குறையொன்றும் இல்லாத உத்தமர் என்று காட்டுவது என் நோக்கமன்று. அவர் வாழ்க்கையில் பாராட்ட வேண்டியவை எத்தனை உண்டோ, வருந்த வேண்டியவையும் ஏறக்குறைய அத்தனை உண்டு.

பெஞ்சமின் தாம்சன் 1753-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பகுதியில் ஊபர்ன் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். கைக்குழந்தையாய் இருந்தபோதே தந்தை காலமானார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். பதின்மூன்று வயதில் சேலம் நகரத்துக் கடையொன்றில் வேலை பழக அனுப்பப்பட்டார். (நம் சேலம் அல்ல, மசாசூசெட்ஸில் உள்ள சேலம்.) பையனுக்குக் கடைக்கணக்கில் மனம் செல்லவில்லை. வாண வேடிக்கைக்கு மருந்து தயாரிக்கப் போய்ப் பலத்த தீக்காயம் அடைந்தார். பிறகு ஒரு நண்பரோடு சேர்ந்து கால்நடையாகவே ஹார்வர்டு கல்லூரிக்குச் சென்று இயற்பியல் விரிவுரைகளைக் கேட்டு வந்தார். முறையாகக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெறும் வசதி அவருக்கு வாய்க்கவில்லை.

பத்தொன்பதாம் வயதில் கான்கார்டு என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராகப் பணியேற்றார். அவ்வூருக்கு முன்னாளில் ரம்போர்டு என்று பெயர். அங்கே சாரா என்னும் செல்வந்தக் கைம்பெண்ணை 1772-இல் மணந்தார். அந்த அம்மையார் இவரைவிட வயதில் மிகவும் மூத்தவர். 1774-இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கும் சாரா என்றே பெயரிட்டார்கள். அப்போதுதான் அமெரிக்க மக்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த காலம். தாம்சன் அரசாங்கத்தின் பக்கம் நின்றார். ஆங்கிலேயத் தளபதிக்கு இரகசியச் செய்திகளும் அனுப்பினார். ஊரார் கொதித்தெழுந்து வரவே, மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுத் தப்பி ஓடினார். அந்த மனைவியை அதன்பின் அவர் தம் வாழ்நாளில் பார்க்கவேயில்லை.

1776-இல் இலண்டன் சேர்ந்து, அங்கே வெகு வேகமாக உயர்ந்தார். குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சகத்தில் துணைச் செயலாளர் பதவி வரை எட்டினார். வெடிமருந்து பற்றிய ஆராய்ச்சிகளின் பயனாக 1779-இல் இராயல் சொசைட்டியில் உறுப்பினரானார். பின்பு படைத் தலைவராக மீண்டும் அமெரிக்கா சென்று, லாங் தீவில் ஓர் ஊரின் கல்லறைத் தோட்டத்தை இடித்துக் கோட்டை எழுப்பினார். கல்லறைக் கற்களை அவர் படையினர் ரொட்டி சுடும் அடுப்புக்குப் பயன்படுத்தினார்கள் என்றும், இறந்தவர் பெயர்கள் ரொட்டியில் பதிந்து வந்தன என்றும் அவ்வூரார் நெடுநாள் பேசி வந்தார்கள். அடுப்புக் கலையில் பின்னாளில் பேர் பெற்றவருக்கு இது நல்ல தொடக்கம் என்று சொல்வதற்கில்லை.

அவர் வாழ்வின் சிறந்த பகுதி, ஜெர்மனியில் பவேரியா நாட்டில் அமைந்தது. அந்நாட்டு மன்னர் கார்ல் தியோடர் அவரைத் தம் பணியில் அமர்த்திக்கொண்டார். படையைச் சீர்திருத்தும் பொறுப்பு வந்தது. குறைந்த செலவில் வீரர்களுக்குக் கதகதப்பான உடை வேண்டும். எந்தத் துணி வெப்பத்தை நன்றாகக் காக்கும்? கம்பளி சூடு தரும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. தாம்சன் அதை அளந்து பார்க்க முனைந்தார்.

சோதனை மிக எளிமையானது. ஒரு வெப்பமானியின் குமிழைப் பெரிய கண்ணாடிக் குமிழ் ஒன்றின் நடுவில் நிறுத்தினார். இடைவெளியில் சிறிதளவு பஞ்சு அல்லது கம்பளி அல்லது இறகை இட்டார். எல்லாப் பொருளும் ஒரே எடை, 16 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ ஒரு கிராம். அதைக் கொதிநீரில் வைத்துச் சூடேற்றி, உடனே பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, குறிப்பிட்ட அளவு குளிர எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணினார். உள்ளே வெறும் காற்று இருந்தபோது 576 விநாடி. பஞ்சு இட்டபோது 1,046. ஆட்டுக் கம்பளி 1,118. வாத்தின் மென்சிறகு 1,305. முயல் ரோமம் 1,315.

இதில் ஒரு வியப்பைக் கவனியுங்கள். ஒரு கிராம் பஞ்சு அந்தக் குமிழின் இடத்தில் மிகச் சிறு பகுதியைத்தான் அடைக்கும். மீதியெல்லாம் காற்றே. அப்படியிருக்க, குளிரும் நேரம் ஏன் இரட்டிப்பாயிற்று? அவர் பட்டை எடுத்துச் சோதித்தார். நூற்காத பட்டு 1,284 விநாடி தாக்குப்பிடித்தது. தையலுக்கு முறுக்கிய பட்டு நூலைத் துண்டு துண்டாக வெட்டி இட்டபோது 917 விநாடிதான். பொருள் ஒன்றே, எடையும் ஒன்றே. வேறுபாடு, அது காற்றைப் பிடித்து வைக்கும் விதத்தில் இருந்தது. காற்று தன் விருப்பம்போல் ஓடினால் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இழைகளுக்கு இடையே அது சிறைப்பட்டு அசையாமல் நின்றால், அதுவே வெப்பத்தைக் காக்கும் அரணாகிவிடும். இந்த ஆராய்ச்சிகளுக்காக 1792-இல் இராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. இரட்டைக் கண்ணாடிப் பலகணி வைத்த வீடு குளிர்காலத்தில் கதகதப்பாக இருப்பதற்கும் இரு கண்ணாடிகளுக்கும் நடுவே அடைபட்ட காற்றே காரணம் என்று அவர் விளக்கினார்.

இந்த உண்மை குளிரைத் தடுக்க மட்டுமே உதவும் என்று எண்ணிவிடக் கூடாது. வெப்பம் வெளியே போகாமல் தடுப்பது எதுவோ, அதுவே உள்ளே வராமலும் தடுக்கும். சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என்று இன்று வழங்கும் கட்டடம், ஐஸ் ஹவுஸ் என்ற பெயரில் 1842-இல் எழுந்தது. தாம்சன் பிறந்த அதே மசாசூசெட்ஸின் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைப் பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர் கப்பலேற்றி அனுப்ப, மாதக்கணக்கில் கடல் கடந்து, வெப்ப மண்டலத்தைத் தாண்டி, பனிக்கட்டியாகவே அது இங்கு வந்து இறங்கியது. அதைக் காத்தது மரத்தூள். தூளின் துகள்களுக்கு இடையே அடைபட்டு நின்ற காற்று என்று சொல்வதே பொருத்தம். நம் பாட்டிமார் வாழ்ந்த கூரை வீடு வெயில் நேரத்தில் தகரக் கொட்டகையைப்போல் காயாததற்கும் ஓலை அடுக்குகளுக்குள் நிற்கும் காற்று ஒரு காரணம். குளிர்பதனப் பெட்டியின் சுவருக்குள் வைத்திருக்கும் நுரைப் பொருளும் அதே வேலையைத்தான் செய்கிறது.

1790-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று தாம்சன் மியூனிக் நகரில் ஒரு துணிகரமான செயல் செய்தார். அந்நகரில் பிச்சைக்காரர் தொல்லை மிகுந்திருந்தது. பிச்சையிடுவதற்கென்றே பெயர் பெற்ற அந்நாளில், படைவீரரைத் தெருத்தெருவாக நிறுத்தி, பிச்சையெடுத்தோர் அனைவரையும் பிடித்துப் பெயர் எழுதி, மறுநாள் முதல் ஒரு தொழிலகத்துக்கு வரச் செய்தார். ஒரு வாரத்துக்குள் சுமார் 2,600 பேர் சேர்ந்தனர். அவர்களுக்கு நூற்பு, நெசவு, தையல் வேலை, கூலி, சூடான சாப்பாடு. பிடித்துக்கொண்டு வந்து நன்மை செய்வது சரியா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் அங்கே அவர்கள் அடிக்கப்படவில்லை, குழந்தைகளுக்குக் கல்வியும் கிடைத்தது.

இத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும், விறகோ விலை அதிகம். அக்காலச் சமையலறைகளில் திறந்த மேடையில் நெருப்பை மூட்டி, மேலே பாத்திரத்தைத் தொங்கவிடுவது வழக்கம். பாத்திரத்தைவிடச் சமையற்காரருக்கே சூடு அதிகம் கிடைக்கும். தாம்சன் செங்கல்லால் அடுப்பு கட்டி, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனிக் குழி, தனித்தனிக் கதவு அமைத்தார். எரிந்த சூடான புகை பாத்திரத்தைச் சுற்றி வந்த பின்னரே புகைபோக்கிக்குப் போகும். காற்று நுழையும் வழியைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் முடியும். நீர் ஒரு முறை கொதிக்கத் தொடங்கிவிட்டால், திறந்த பாத்திரத்தின் கீழே எவ்வளவு விறகைத் தள்ளினாலும் அதன் சூடு மேலும் ஏறாது, நீர் ஆவியாகி வீணாவது மட்டுமே மிச்சம் என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். இன்றைக்கும் பருப்பு கொதித்த பிறகு எரிவாயுவைச் சிறிதாக வைக்கும் தாய்மார் அவர் பெயரை அறியாமலே அவர் சொல்லை நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருநாள் மியூனிக்கில் அவருக்கு அரிசிக் கஞ்சி வந்தது. சூடு தாளாமல் ஒரு மணி நேரம் கழித்து எடுத்தார். மேலே ஆறியிருந்தது. கரண்டியை ஆழமாக விட்டு அள்ளிய அடுத்த வாய் நாக்கைச் சுட்டுவிட்டது. வேறொருவராயின் சமையற்காரரைக் கடிந்திருப்பார். இவர், வெந்நீர் இத்தனை நேரம் சூடாக இராதே, கஞ்சி மட்டும் ஏன் இருக்கிறது என்று யோசித்தார். நீர் உள்ளே மேலும் கீழுமாகச் சுழன்று வெப்பத்தை மேலே கொண்டுவந்து விடுகிறது. கஞ்சியின் கெட்டித்தன்மை அச்சுழற்சியைத் தடுக்கிறது. வெப்பச் சலனம் என்று நாம் படிக்கும் பாடத்துக்கு அந்தக் கஞ்சிக்கிண்ணமும் ஒரு தொடக்கம்.

1792-இல் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. பட்டத்துக்குப் பெயர் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருடையது. ரம்போர்டு என்று தேர்ந்தெடுத்தார். தாம் தப்பி ஓடிய ஊரின் பழைய பெயர்! மனைவி உயிர் நீத்ததும் அதே ஆண்டில்தான்.

1795-இல் இலண்டன் திரும்பியவர், அந்நகரின் கணப்புகள்மேல் கண்ணைத் திருப்பினார். பழைய கணப்பு ஒரு பெட்டிபோல் ஆழமாக இருக்கும். புகைபோக்கியின் தொண்டையோ, புகைக்கரி துடைக்கும் சிறுவன் நுழைந்து ஏறும் அளவுக்கு அகலம். நெருப்பின் வெப்பம் அறைக்குள் வருவது பெரும்பாலும் கதிர்வீசலால். ஆழமான பெட்டிக்குள் இருக்கும் நெருப்பின் கதிர் பக்கச் சுவர்களில் பட்டு அங்கேயே நின்றுவிடும். அகலமான தொண்டை வழியாகப் புகையோடு அறையின் சூடான காற்றும் மேலே போய்விடும். போன காற்றின் இடத்தை நிரப்பக் கதவிடுக்கிலும் சன்னல் இடுக்கிலும் வெளியிலிருந்து பனிக்காற்று புகும். அதனால் நெருப்பின் எதிரே உட்கார்ந்தவருக்கு முகம் வேகும், முதுகு விறைக்கும். நெருப்பைப் பெரிதாக்கினால் காற்று இன்னும் வேகமாக ஓடும், குளிரும் இன்னும் அதிகமாகப் புகும்.

ரம்போர்டு சொன்ன மாற்றத்துக்குப் புதிய இயந்திரம் ஏதும் தேவைப்படவில்லை. சில செங்கல், சிறிது சுண்ணாம்பு, ஒரு கொத்தனார் போதும். நெருப்பை முன்னே கொண்டு வந்தார். பின்சுவரின் அகலத்தை முன்வாயின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார். பக்கச் சுவர்கள் நேராக நிற்காமல், பின்சுவரோடு 135 பாகைக் கோணத்தில் விரிந்து நிற்கும். அவற்றை வெள்ளையடிக்கச் சொன்னார். கதிர்கள் பட்டு அறைக்குள் திரும்பும். புகைபோக்கியின் தொண்டையை ஏறத்தாழ 4 அங்குலமாகச் சுருக்கினார். கரி துடைக்கும் நாளில் மட்டும் எடுத்துவிட்டு மறுபடி வைக்கும்படி ஒரு பகுதியைத் தளர்வாக அமைத்தார். புகை அறைக்குள் திரும்புவது நின்றது. முன்பு செலவான கரியில் பாதிக்குக் குறையாமல் மிச்சமாகும் என்பது அவர் கணக்கு.

நூற்றுக்கணக்கான வீடுகளில் கணப்புகளை மாற்றி அமைத்தார். வேலை முறையை 1796-இல் படங்களோடு கட்டுரையாக வெளியிட்டார். காப்புரிமை கோரவில்லை. எந்தக் கொத்தனாரும் படித்து, எந்த வீட்டிலும் கட்டலாம் என்று விட்டுவிட்டார். பெருஞ்செல்வம் தேடித் தந்திருக்கக்கூடிய ஒன்றை இப்படித் திறந்து வைத்தது, பணத்திலும் பதவியிலும் ஆசை மிகுந்த அந்த மனிதரிடம் நாம் எதிர்பாராத குணம். சில ஆண்டுகளில் ரம்போர்டு என்ற சொல்லே கணப்புக்குப் பெயராயிற்று. புகழ்பெற்ற நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் தம் நார்த்தாங்கர் அபி நாவலில், பழங்கால மடத்தின் பிரம்மாண்டமான கணப்பை எதிர்பார்த்து வந்த இளம்பெண், ரம்போர்டு முறையில் குறுக்கிய கணப்பைக் கண்டு ஏமாறுவதாக எழுதியிருக்கிறார்.

பீரங்கிச் சோதனை 1798-இல் வெளிவந்தது. வெப்பம் என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஒருவகைப் பாய்மம் என்று அறிஞர் நம்பிய காலம் அது. மியூனிக்கில் நீருக்குள் வைத்துப் பீரங்கி உலோகத்தை மழுங்கிய துளைக்கருவியால் தேய்க்கச் செய்தார். குதிரைகள் சுற்றின. இரண்டரை மணி நேரத்தில், நெருப்பே இல்லாமல் நீர் கொதித்தது. தேய்க்கத் தேய்க்க வற்றாமல் வரும் ஒன்று பொருளாக இருக்க முடியாது, இயக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்.

1799-இல் இலண்டனில் இராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் நிறுவனம் அவர் முயற்சியால் தோன்றியது. அறிவியலைச் சாதாரண மக்களின் வீட்டுக்கும் தொழிலுக்கும் கொண்டு சேர்ப்பது அதன் நோக்கம். ஹம்ப்ரி டேவியும், பின்னர் மைக்கேல் பாரடேயும் அங்கே பணியாற்றினார்கள். வெற்றிடத்தின் வழியே வெப்பம் காற்றில் செல்வதைவிட மெதுவாகச் செல்லும் என்று ரம்போர்டு முன்னமே சோதித்துக் கண்டிருந்தார். அதே நிறுவனத்தில் ஜேம்ஸ் டியூவர் 1892-இல் வெற்றிடக் குடுவையைச் செய்தார். நோயாளிக்குக் காப்பி கொண்டுபோகும் பிளாஸ்க் அதுவே.

இனி அவருடைய இல்லற வாழ்வு. சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். மகள் சாராவை அவர் மறுபடி கண்டது 1796-இல். அப்போது அவளுக்கு வயது 21 கடந்துவிட்டது. முகம் நினைவில்லாத தந்தையைத் தேடி அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த பெண்ணிடம், அவள் நடை உடையிலும் கடைச்செலவிலும் அவர் குறை கண்டார். பிரான்சில் அவர் இரண்டாவதாக மணந்தது, புரட்சியின்போது 1794-இல் தலை வெட்டப்பட்ட மாபெரும் வேதியியல் அறிஞர் லவாசியேயின் மனைவி மேரி ஆன் அம்மையாரை. அவ்வம்மையாருக்கு வீடு நிறைய விருந்தினர் வேண்டும். இவருக்கு அமைதி வேண்டும். ஒரு நாள் இவர் விருந்தினர் நுழையாதபடி வாயிற்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். அம்மையார் சமையலறையிலிருந்து கொதிநீர் கொண்டுவரச் சொல்லி இவருடைய அருமைப் பூச்செடிகளின்மேல் ஊற்றினார். 1809-இல் இருவரும் பிரிந்தார்கள். ஊர் முழுவதும் வீடுகளில் கதகதப்பை நிறுத்தி வைத்த மனிதர், எந்த இல்லத்திலும் நிலையாகக் குளிர்காய முடியாமல் போனார். பாரிசில் குளிர்காலத்திலும் அவர் வெள்ளாடையே உடுத்துவார். கருநிற உடை உடல் வெப்பத்தை அதிகமாக வெளியே வீசும் என்பது அவர் கருத்து. தெருவில் பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

1814-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21-ஆம் நாள், பாரிசை அடுத்த ஓத்தேயில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். தாம் கால்நடையாகச் சென்று பாடம் கேட்ட ஹார்வர்டு கல்லூரிக்கு, அறிவியலை வாழ்க்கைக்குப் பயன்படுத்தும் முறையைக் கற்பிக்கப் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்படச் சொத்து எழுதி வைத்திருந்தார்.

மகள் சாரா திருமணம் செய்துகொள்ளவில்லை. பல ஆண்டுகள் ஐரோப்பாவில் வாழ்ந்துவிட்டு, முடிவில் கான்கார்டு ஊருக்கே திரும்பினாள். தான் பிறந்த அதே வீட்டில் 1852-இல் உயிர் நீத்தாள். தாயற்ற ஏழைப் பெண் குழந்தைகளுக்கு அந்த வீட்டையே தங்கும் இல்லமாக்கும்படி உயில் எழுதி, அதற்குப் பொருளும் ஒதுக்கியிருந்தாள்.